தகப்பனின் சட்டை



இந்தக் கருத்தரங்குக்குத் தலைமையேற்க அழைப்பு வந்த நாள்முதல் உள்ளுக்குள் ஒரு சிறு நடுக்கம். மூளையையும் தண்டுவடத்தையும் அன்றாடம் திறந்து பார்ப்பவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். நானோ புறநோயாளிப் பிரிவில் தோலைப் பார்த்தே தலை நரைத்தவன். கோவை அவிநாசி சாலை அரங்குகளை விட்டுக் கருத்தரங்கைக் கிணத்துக்கடவுக்குக் கொண்டுவந்த அமைப்பாளர்களுக்கு நன்றி. பொன்மலை வேலாயுதசாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேடை ஏறினேன். அவர் பார்த்துக்கொள்வார்.

இன்றைய தலைப்பு, நியூரோஃபைப்ரோமடோசிஸ் நோயாளிகளின் நரம்புக் கட்டிகளைக் கண்டறிதலும் சிகிச்சையும். இதில் உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லிவிடப் போவதில்லை. ஷ்வானோமாவை நரம்பிலிருந்து பெரும்பாலும் உரித்தெடுக்கலாம். நியூரோஃபைப்ரோமா நரம்பிழைகளோடு பின்னிக் கிடக்கும், கத்தி வைத்தால் நரம்பும் போகும். ப்ளெக்ஸிஃபார்ம் கட்டியைக் கொழுப்புக் கட்டி என்று நினைத்துக் கீறியவர்கள், அது கொட்டிய ரத்தத்தை மறந்திருக்க மாட்டார்கள். ஓயாத வலி, திடீர் வளர்ச்சி, கல்போல் இறுகுதல், புதிதாக ஒரு பலவீனம் இவற்றில் ஒன்று வந்தாலும் புற்றாக மாறிவிட்டதோ என்று சந்தேகித்துப் பெட் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். முதல் வகை நோயாளிகளில் வாழ்நாளில் நூற்றுக்கு 8 முதல் 13 பேருக்கு அந்த ஆபத்து உண்டு. ப்ளெக்ஸிஃபார்ம் கட்டிக்கான செலுமெடினிப் மருந்துக்கு அமெரிக்காவில் 2020 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் 50 குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கட்டி ஐந்தில் ஒரு பங்காவது சுருங்கியது. சுருங்கியதே தவிர மறையவில்லை. மற்றதைப் பிற்பகல் அமர்வில் விவரம் அறிந்தவர்கள் சொல்வார்கள்.

நான் சண்டை பிடிக்க வந்தது ஒரே ஒரு வரியோடு. நம்முடைய கேஸ் ஷீட்டில் இருக்கும் வரி அது: பெற்றோர் திருமணம் சொந்தத்திலா, அசலிலா?

ஒன்பது வயதுப் பெண் குழந்தையோடு ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. முதுகிலும் தொடையிலும் பால்காப்பி நிறத்தில் திட்டுகள், இடுப்பில் மெத்தென்று ஒரு வீக்கம். முன்பே இரண்டு இடங்களில் காட்டியிருந்தார்கள். இரண்டு சீட்டிலும் ‘சொந்தத்தில் திருமணம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதைக் காட்டித் தாயின் மாமியார், “நாங்க வேண்டாம்னுதானுங்க சொன்னோம், இவன்தான் மாமன் மகளைத்தான் கட்டுவேன்னு நின்னான்” என்றார். தாயோ, “கிரகணத்தன்னைக்கு நான் வெளிய வந்துட்டனுங்க டாக்டர்” என்று விசும்பினாள். தகப்பன் வாசலோரம் முழுக்கைச் சட்டையோடு நின்றிருந்தார். கழற்றச் சொன்னேன். கூச்சத்தோடு கழற்றினார். முதுகில் நான்கைந்து திட்டுகள், வயிற்றில் மிளகளவில் இரண்டு கட்டிகள்.

“இதெல்லாம் தோட்டத்து வெயில்ல வந்ததுங்க.”

கையைத் தூக்கச் சொன்னேன். அக்குளில் புள்ளிப்புள்ளியாக இறைந்து கிடந்தது. எந்தத் தோட்டத்து வெயிலும் அக்குளுக்குள் போகாது. மனிதர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “எங்கய்யனுக்கும் இப்பிடித்தானுங்க இருந்துச்சு” என்றார். மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்த முதல் வகைக்குக் காரணமான, 17ஆம் குரோமோசோமில் இருக்கும் மரபணுவின் ஒரு பிரதி பழுதானாலே போதும், நோய் வரும். தாய், தகப்பன் யாராவது ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாமன் மகளைக் கட்டினாலும் அதே கணக்குதான், மலேசியாவிலிருந்து பெண் எடுத்தாலும் அதே கணக்குதான். நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் குடும்பத்தில் யாருக்குமே இருந்திருக்காது, பழுது புதிதாக முளைத்திருக்கும். அப்படி முளைப்பதும் பெரும்பாலும் தகப்பன் வழியில்தான் என்று 1990இலேயே காட்டிவிட்டார்கள். நாம் இன்னும் தாயிடம் கிரகணக் கதை கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இங்கே யாரும் எடுத்துப் பார்க்காத ஒரு நூலைச் சொல்ல வேண்டும். 1956இல் குரோ, ஷல், நீல் மூவரும் இந்த நோயைப் பற்றி எழுதியது. ஆறு திட்டு இருந்தால் இந்த நோயைச் சந்தேகிக்க வேண்டும் என்ற கணக்கை எல்லோரும் 1987 அமெரிக்கக் கருத்தொருமைக் கூட்டத்தின் பேரில் எழுதுகிறோம். ஆனால் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் ஆறு என்று முதலில் வகுத்தது அந்த 1956 நூல்தான். கூட்டம் அதைப் பெரியவர்களுக்கு வைத்துக்கொண்டு, குழந்தைகளுக்கு 5 மில்லிமீட்டர் என்று இறக்கியது. அக்குள் புள்ளியை 1964இல் எடுத்துச் சொன்னவரும் அதே குரோதான். ஷல்லும் நீலும் இன்னொரு காரியமும் செய்தார்கள்: உறவுத் திருமணத்தில் பிறந்த ஜப்பானியக் குழந்தைகளை ஆராய்ந்து 1965இல் தனி நூலே போட்டார்கள். சொந்தத்தில் கட்டுவதன் விளைவை அவர்களைவிட அறிந்தவர் அன்று அதிகம் இல்லை. அந்த இருவரும்தான் இந்த நோயை ஓங்கு மரபு, அதாவது ஒரு பிரதி பழுதானாலே போதும் என்று எழுதினார்கள்.

இதைச் சென்ற முறை பேசியபோது நண்பர் ஒருவர், “சொந்தம் கேட்கவே கூடாது என்கிறீர்களா?” என்று மடக்கினார். அவர் பக்கம் நியாயம் உண்டு. டி.என்.ஏ. பழுதுபார்க்கும் மரபணுவின் இரண்டு பிரதிகளும் கெட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்கும் இதே திட்டுகள் வரும். மூளைக் கட்டி, ரத்தப் புற்று, குடல் புற்று எல்லாம் சிறு வயதிலேயே தாக்கும். அது ஒடுங்கு மரபு, அங்கே சொந்தத் திருமணம் முக்கியமான தடயம். ஆகவே கேளுங்கள். ஆனால் பெற்றோர் இருவரின் தோலையும் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று எழுதிய பிறகு கேளுங்கள். முதலில் சட்டை, அப்புறம் சொந்தம். நண்பர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இன்றும் வந்திருக்கிறார், உணவு இடைவேளையில் தொடருவோம்.

சட்டையை முதலில் பார்ப்பது தாயைக் குற்றம் சொல்லாமல் இருக்கும் நாகரிகத்துக்காக மட்டும் அல்ல. 2021இல் திருத்திய நோயறியும் விதிப்படி, பெற்றோரில் ஒருவருக்கு நோய் உறுதியானால் குழந்தைக்கு இன்னும் ஒரே ஓர் அடையாளம் போதும். எம்.ஆர்.ஐ. எடுக்க மூன்று வாரம் காத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு சட்டைப் பொத்தான் விடை சொல்லிவிடுகிறது. அந்தத் தகப்பனுக்கு முழங்காலுக்குப் பின்னால் ஒரு கட்டி ஆறு மாதமாக வலித்துக்கொண்டிருந்தது. மகளைக் காட்ட வந்த இடத்தில் அதை யார் கேட்பது?

கட்டுரைச் சுருக்கங்களை நேற்றிரவு முழுதும் படித்தேன். முதல் அமர்வில் வாசிக்கப்போகும் இளம் நண்பரின் அட்டவணையில் கட்டியின் அளவு, இடம், ஸ்கேன் முடிவு, உறவுத் திருமணம் எல்லாவற்றுக்கும் பத்தி இருக்கிறது. தலைமை வகிப்பவர் கேள்வி கேட்பது மரபல்ல, தெரியும். இருந்தாலும் கேட்டுவிடுகிறேன்: தம்பி, அந்தக் குழந்தைகளின் பெற்றோரில் எத்தனை பேரைச் சட்டை கழற்றிப் பார்த்தீர்கள்?