பழைய ஆட்டங்களைக் காப்பவர்கள்



விளையாடுபவருக்குப் பதக்கம் உண்டு. பயிற்றுவித்தவருக்கு மாலை உண்டு. அந்த விளையாட்டின் பழைய ஆட்டங்களைத் தேடித் தேடிச் சேர்த்து, ஆயுள் முழுக்க அதைப் பற்றியே பேசித் திரியும் ரசிகருக்கு? "அந்த மனிசனுக்கு வேற வேலையில்லை" என்ற பேச்சுத்தான் மிஞ்சும். அவர் செய்வது ஒரு கலை என்றும், நட்பில்லாமல் அந்தக் கலை வளராது என்றும் சொல்லவே இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

இந்தக் கலை செழித்த இடம் அமெரிக்காவின் பேஸ்போல் உலகம். அங்கே ரசிகர் மைதானத்துக்குப் பென்சிலும் ஸ்கோர் கொப்பியுமாகப் போவார். களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் இடத்துக்கொரு எண் உண்டு. பந்து வீசுபவர் 1, அதைப் பிடிப்பவர் 2 என்று அந்த வரிசை போகும். கொப்பியில் 6-4-3 என்று கண்டால் நடந்தது முழுவதும் விளங்கிவிடும்: நிலத்தில் உருண்ட பந்தை ஆறாம் எண்காரர் எடுத்து நாலாம் எண்காரருக்கு எறிந்தார், அவர் மூன்றாம் எண்காரருக்கு எறிந்தார், இரண்டு பேர் ஆட்டமிழந்தார்கள். மூன்று எண்களுக்குள் ஒரு முழுக் காட்சி. இந்தக் குறிப்பு முறைக்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்தவர், முதலில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர்.

வீட்டு அலமாரிகளில் கிடந்த இந்தக் கொப்பிகளை வரலாறாக்கியவர்களும் சாதாரண ரசிகர்களே. 1971 ஆகஸ்ட் 10 அன்று, பொப் டேவிட்ஸ் என்ற அரசாங்க ஊழியர் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் தன்னைப் போன்ற ரசிகர்களைக் கூட்டினார். அவரோடு சேர்த்து வந்தவர்கள் 16 பேர். அமெரிக்க பேஸ்போல் ஆய்வுக் கழகம் அன்று பிறந்தது. இன்று அதன் உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில். 1989இல் உயிரியல் பேராசிரியர் டேவிட் ஸ்மித் இன்னொரு முயற்சியைத் தொடங்கினார். அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் பழைய கொப்பிகளையும் பத்திரிகைகளையும் திரட்டி, ஆட்டங்களை ஒவ்வொரு நிகழ்வாக மீட்டெடுத்து, எவரும் இலவசமாகப் பார்க்க வைத்தார்கள்.

எனக்கு மிகப் பிடித்தவர் லோரன்ஸ் றிட்டர். நியூயோர்க்கில் பொருளியல் பேராசிரியர். 1961இல் தன் தந்தையும், டை கொப் என்ற பெரிய ஆட்டக்காரரும் இறந்த பிறகு, அந்தத் தலைமுறையின் குரலும் அவர்களோடு போய்விடுமே என்று ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். 75,000 மைல் அலைந்தார். சாம் குரோஃபோர்ட் என்ற பழைய வீரரைத் தேடிக் கலிபோர்னியாவில் ஒரு சின்ன ஊருக்குப் போனவர், நாட்கணக்கில் விசாரித்தும் பலனில்லாமல், உடுப்புத் துவைக்கும் கடையொன்றில் போய்க் குந்தினார். பக்கத்திலிருந்த முதியவரிடம் சும்மா கேட்டுப் பார்த்தால், அவரே குரோஃபோர்ட்! 1966இல் அந்தக் குரல்கள் புத்தகமாயின. வந்த பணத்தில் பேசிய வீரர்களுக்கும் பங்கு கொடுத்தார் றிட்டர். கதை கேட்கப் போனவர் நண்பராகத் திரும்பினார்.

நேயர்களே, இதையெல்லாம் மட்டக்களப்புத் தன்னாமுனையிலிருந்து நான் ஏன் பேச வேண்டும்? அந்த அமெரிக்காவிலிருந்தே நம் வாவிக்கரைக்கும் ஆட்கள் வந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின், நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசுசபைத் துறவிகள் மட்டக்களப்புக்கு வந்து, 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியில் படிப்பித்தார்கள். கூடைப்பந்தை இந்த மண்ணின் விளையாட்டாக்கியதில் அவர்களின் பங்கு பெரிது. ஹரோல்ட் வெபர் அடிகளாரின் பெயரை நகரின் மைதானம் சுமக்கிறது. யூஜின் ஜோன் ஹெபர்ட் அடிகளார் லூசியானாவிலிருந்து வந்து, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி ஒரு தமிழ் இளைஞனோடு புறப்பட்டார். ஏறாவூரையும் எங்கள் தன்னாமுனையையும் கடந்து வரும் வீதி அது. இருவரும் வந்து சேரவேயில்லை. இன்றுவரை தகவல் இல்லை.

அவரிடம் பழகிய பிள்ளைகள் இன்று தாத்தாமார். பலர் கனடாவிலும் லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். 1978 சூறாவளி, போர், 2004 கடற்கோள் என்று அடுத்தடுத்து இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் பழைய படங்களும் காகிதங்களும் எத்தனை மிஞ்சியிருக்கும்? மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஞாபகம். எந்த ஆண்டு எந்த அணி வென்றது, கடைசி நிமிடத்தில் கூடைக்குள் போட்டவர் யார், தோற்ற பிள்ளையிடம் சுவாமி என்ன சொன்னார்... இவை அந்தத் தலைகளுக்குள்தான் இருக்கின்றன.

இந்தக் கலைக்கு வேண்டியது பொறுமையும் மரியாதையும். பெரியவரிடம் போனால் முதலில் தேத்தண்ணி குடியுங்கள், சுகம் விசாரியுங்கள், அவரைப் பேச விடுங்கள். அவர் சொல்லும் ஆண்டு பிழையாக இருந்தால் குறுக்கே பாயாதீர்கள். அவருடைய அணித் தோழர் ஒருவரைக் கூட்டிவந்து பக்கத்தில் இருத்துங்கள். ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுப்பார். நாற்பது வருடமாகப் பேசாத இருவர் ஒரு பழைய ஆட்டத்தின் பேரில் மறுபடி பேசத் தொடங்கினால், அதைவிடப் பெரிய பதக்கம் உங்களுக்கு வேண்டாம்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்கள் கையில் இருக்கும் தொலைபேசியே றிட்டர் சுமந்த கருவியைவிட நல்ல கருவி. இந்தக் கிழமையே ஒரு பெரியவரின் குரலைப் பதியுங்கள். பெயர், இடம், திகதி மூன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிப் பதியுங்கள். ஒரு பிரதியை அவர் குடும்பத்துக்கும், இன்னொன்றை அவர் படித்த பள்ளிக்கூட நூலகத்துக்கும் கொடுங்கள். அடுத்த வருடம் பார்ப்போம் என்று தள்ளிப்போடாதீர்கள்.