அளவோட நடக்கிறேன்



எனக்குத் தசைச் சிதைவு நோய். வருஷத்துக்கு வருஷம் பலம் குறையும். "பேசாம படுத்துக்கோ" என்றார்கள் வீட்டில். மூணு மாசம் படுத்தேன். இடுப்பு இன்னும் விட்டுப்போச்சு. அப்புறம் வீம்புக்குக் குழுக்கூட்ட மாடிப்படியைப் பத்து தடவை ஏறி இறங்கினேன். நாலு நாள் எந்திரிக்கலை.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வந்த பிசியோதெரபி தம்பிதான் அளவு சொன்னார். செய்யும்போது பேச முடியணும். மறுநாளும் வலிச்சா அது அதிகம், குறைச்சுக்கணும். காலையில் சுவரைப் பிடிச்சுப் பத்து நிமிஷம் நடை, கொஞ்சம் கால் நீட்டி மடக்கல், அவ்வளவுதான்.

போன மாசம் படி ஏறவே முடியலை. கணக்கு நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். குழுவில் யாரும் வாங்கலை. கூட்டத்தைக் கீழ்வீட்டுக்கு மாத்திட்டாங்க. செவ்வாய்க்கிழமை நடந்தே வர்றேன்.