நொரநாட்டியம்னு யாரைச் சொல்றோம்?

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. பொன்னேரிப் பக்கம் ஒரு கிராமத்துல பொறந்து, கல்யாணம் ஆகி பெரம்பூருக்கு வந்தவ. மைக் பிடிச்சுப் பழக்கமில்லை. என்ன தலைப்புல பேசறேன்னு கேட்டாங்க, ‘நொரநாட்டியம்’னு சொன்னேன், சிரிச்சாங்க. இதோ நீங்களும் சிரிக்கிறீங்க.

இந்த வார்த்தை நான் படிச்ச பாடப் புத்தகம் எதுலயும் வந்ததில்லை. எழுதும்போது சிலர் சின்ன ர போடுறாங்க, சிலர் பெரிய ற போடுறாங்க. ஆனா அர்த்தம் நமக்கு நல்லாத் தெரியும். ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு இது சொத்தை, அது சொள்ளைன்னு இழுக்கிறது. கல்யாணப் பந்தியில உட்கார்ந்து ரசம் சூடா இல்லை, அப்பளம் நமுத்துப்போச்சு, இலை கிழிஞ்சிருக்குன்னு பரிமாறுற பையனை நாலு தடவை நடக்க விடுவாங்களே, அதுதான் நொரநாட்டியம்.

இதுக்குப் பக்கத்து வீட்டு வார்த்தைகளும் இருக்கு. பிகு பண்றதுன்னா, மனசுல ஆசை இருக்கும், கெஞ்சட்டும்னு காத்திருக்கிறது. அலட்டல்னா நாலு பேர் பார்க்கணும்னு பண்றது. நொட்டை சொல்றதுன்னா அடுத்தவங்க வேலையில குத்தம் கண்டுபிடிக்கிறது. நொரநாட்டியத்துக்கு யாரும் பார்க்கணும்னு இல்லை, கெஞ்சணும்னும் இல்லை. அவங்களுக்கு எதுவுமே சரியா இருக்காது, அவ்வளவுதான்.

ஒரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? ஆம்பளைங்களை இந்த வார்த்தை சொல்லி நான் கேட்டது ரொம்பக் குறைவு. மளிகைக் கடையில தராசு முள்ளையே பார்த்துக்கிட்டு ஒரு ஆம்பளை நின்னா, “அவரு கறாரான ஆளு”ன்னு சொல்வாங்க. அதே இடத்துல நாம நின்னா, “இந்த அம்மா நொரநாட்டியம் பிடிச்சது.” எங்க வீட்டுக்காரர் லேத் பட்டறையில வேலை செய்யறார். ஒரு பீஸ் அரை நூல் கூடப்போனா ரிஜெக்ட் ஆயிடுமாம். மைக்ரோமீட்டர் வச்சு முடி கனத்துக்கு அளக்கிறாங்க. நம்ம ஐ.சி.எஃப். 1955-ல ஆரம்பிச்சதுல இருந்து எத்தனை ஆயிரம் ரயில் பெட்டி போயிருக்கு! அங்கே அளந்து பார்க்கிறவங்களை யாராவது நொரநாட்டியம்னு சொல்வாங்களா? ஆனா வீட்டுல நான் அரிசியில கல்லு பார்த்தா மட்டும் அவருக்கு இந்த வார்த்தை ஞாபகம் வந்துடும். (அவரு இன்னைக்கு வரலை, தைரியமாச் சொல்லலாம்.)

கேஸ் சிலிண்டர் எடுத்துக்கோங்க. நம்ம வீட்டு சிலிண்டர்ல 14.2 கிலோ கேஸ் இருக்கணும். காலி சிலிண்டர் எடை அதுமேலயே எழுதியிருக்கும். ரெண்டையும் கூட்டினா என்ன வருதோ, அதுதான் தராசுல காட்டணும். கொண்டுவர்றவரை எடை போட்டுக் காட்டச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. கைப்பிடிக்குக் கீழே தகட்டுல ஏ, பி, சி, டின்னு ஒரு எழுத்தும் வருஷமும் இருக்கும். ஏன்னா ஜனவரியில இருந்து மார்ச், பின்னா ஏப்ரல்ல இருந்து ஜூன், இப்படியே போகும். அந்தத் தேதிக்குள்ள சிலிண்டரைத் திரும்பச் சோதிக்கணும்னு அர்த்தம். இதையெல்லாம் வாசல்ல நின்னு பார்த்தா, “மாடி ஏறி வந்திருக்கேன், இதுல உங்க நொரநாட்டியம் வேற”ன்னு முணுமுணுப்பு வரும். வரட்டும். மாடி ஏறினவருக்கு ஒரு சொம்பு தண்ணி கொடுங்க, எடையும் பாருங்க.

எண்ணூர்ப் பக்கம் இருந்து வந்திருக்கிற அக்காங்களுக்கு இன்னொண்ணு தெரியும். 2023 டிசம்பர் 26 ராத்திரி பெரியகுப்பத்துல உரத் தொழிற்சாலையோட கடல் குழாயில இருந்து அமோனியா கசிஞ்சுது. கண் எரிஞ்சு, மூச்சு திணறி, தூக்கத்துல இருந்து எழுந்து ஜனங்க தெருவுக்கு ஓடினாங்க. பலரை ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. நம்ம பகுதியில “என்னமோ நாத்தம் வருதே”ன்னு ஒரு பொம்பளை சொன்னா, “உனக்கு மட்டும்தான் மூக்கு இருக்கா”ன்னு கேட்கிறது வழக்கம். அந்த மூக்கைக் கிண்டல் பண்ணாதீங்க.

இப்போ நம்ம குழு விஷயத்துக்கு வரேன். 1989-ல தர்மபுரியில சுய உதவிக் குழு ஆரம்பிச்சப்போ இருந்து இன்னைக்கு வரைக்கும் பெரியவங்க நமக்குச் சொல்றது அஞ்சு விஷயம்: தவறாம கூட்டம், தவறாம சேமிப்பு, உள்கடன், சரியாத் திருப்பிக் கட்டறது, சரியா நோட்டு எழுதறது. குழுக் கடனுக்கு 10 லட்சம் வரைக்கும் அடமானம் கேட்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதி. நகையும் இல்லை, பத்திரமும் இல்லை, அப்புறம் எதைப் பார்த்துக் கடன் கொடுக்கிறாங்க? நம்ம தீர்மான நோட்டையும் கணக்கு நோட்டையும் பார்த்துத்தான்.

எங்க குழுவுல ஒரு அக்கா. பத்து ரூபாய்க்கும் ரசீது கேட்பாங்க. பேங்க்ல பணம் கட்டிட்டு வந்தா சலான் துண்டைக் கொடுங்கம்பாங்க, பாஸ் புக்குல பதிவாகியிருக்கான்னு பார்ப்பாங்க. எல்லாருக்கும் வீட்டுல சமையல் கிடக்கும், தண்ணி லாரி வர்ற நேரமா இருக்கும். ஒருநாள் கூட்டத்துல ஒருத்தி சத்தமாவே சொல்லிட்டா, “இந்த நொரநாட்டியத்துக்கு நான் குழுவை விட்டே போயிடுவேன்.” ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க. அந்த அக்கா ஒண்ணும் பேசலை. அடுத்த ரெண்டு கூட்டத்துக்கு வரலை. நோட்டும் எழுதாம கிடந்தது.

மூணாவது மாசம் பேங்க்ல இருந்து கூப்பிட்டு, ஒரு தவணை 9,400 ரூபாய் வரலைன்னாங்க. நாங்க கட்டிட்டோம்னு சொன்னா நம்புவாங்களா? கட்டப் போன பொண்ணு மேல எல்லார் பார்வையும் திரும்பிடுச்சு. சின்னப் பொண்ணு, ஒரு கைக்குழந்தை வேற. அழுதுகிட்டே, “நான் கட்டினேன்க்கா, சலானை அக்காகிட்டதானே கொடுத்தேன்”னு சொன்னா. அந்த அக்கா வீட்டுக்குப் போய்க் கேட்டோம். வராத மாசத்துக்கு முந்தின துண்டு வரைக்கும் தேதி வாரியா ஊசி நூல்ல கோத்து வச்சிருந்தாங்க. எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டினோம். எங்க குழுப் பேருலயே இன்னொரு குழு இருக்கு, அந்தக் கணக்குல ஏத்திட்டாங்க. நாலு நாள்ல சரி பண்ணிக் கொடுத்தாங்க. அந்தத் துண்டு இல்லைன்னா அந்தப் பொண்ணு பேரு என்ன ஆகியிருக்கும்னு நீங்களே யோசிங்க.

அக்காவைக் கூட்டத்துக்குத் திரும்பக் கூப்பிட்டோம். வந்தாங்க. வந்த உடனே வராத ரெண்டு கூட்டத்துக்கும் தனக்கு அபராதம் போடச் சொன்னாங்க. இது நிஜமாவே கொஞ்சம் நொரநாட்டியம்தான், ஆனாலும் இருபது ரூபாய் வாங்கி ரசீது கொடுத்தோம்.

இன்னொண்ணும் சொல்லியாகணும். கூட்டம் ஒவ்வொரு மாசமும் ஒவ்வொரு வீட்டுல நடக்குது. சில பேர் சில வீட்டுல மட்டும் டீ குடிக்க மாட்டாங்க. “எனக்கு வெளியில குடிச்சா ஒத்துக்காது”ம்பாங்க. அடுத்த மாசம் வேற வீட்டுல ரெண்டு டம்ளர் குடிப்பாங்க. அதைப் போய், “அவங்களுக்குக் கொஞ்சம் நொரநாட்டியம்”னு நாம மழுப்பறோம். அது நொரநாட்டியம் இல்லை, அது சாதி பார்க்கிறது. டீ போட்டு வச்சுட்டு ஆறுறவரைக்கும் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது தெரியும்.

நேரம் ஆச்சுன்னு செயலாளர் அக்கா கை காட்டறாங்க. ஒண்ணே ஒண்ணு. இந்த மாசக் கடைசிக்குள்ள எல்லாக் குழுவும் பாஸ் புக்கைப் பதிவு போட்டு, சலான் துண்டோட சேர்த்து வச்சுப் பார்த்துடுங்க. ஒரே பேருல நம்ம கூட்டமைப்புலயே மூணு குழு இருக்கு, அவங்க கணக்கு நம்பரையும் சரிபார்த்துக்கணும்.