திடலில் கேட்ட இசை



இசைத்தட்டும் ஒலிநாடாவும் பாட்டைத் தந்தன, உடன்பாடுவோரைத் தரவில்லை. 1975இல் இங்கிலாந்தில் தோன்றிய அயர்ன் மெய்டன் ராக் இசைக்குழு, 2007 மார்ச் 17 அன்றுதான் இந்தியாவில் முதன்முதலாக மேடையேறியது. காவேரிப்பட்டினத்திலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூர் அரண்மனைத் திடலில் அது நிகழ்ந்தது.

அக்குழுவின் கச்சேரிகளில் சொற்களை மட்டுமன்றிக் கித்தாரின் மெட்டையும் மக்கள் சேர்ந்து பாடுவர். அறையில் தனியே கேட்டுப் பழகிய இரசிகனுக்குத் தன்னைப் போன்றோர் ஆயிரக்கணக்கில் உளர் என்பதை அத்திடலே உணர்த்தியது. பாடகர் புரூஸ் டிக்கின்சனின் குரலோடு, அருகே நின்ற அயலானின் குரலும் அவன் நினைவில் நிலைத்தது.

தனித்துப் படிப்போர் கூடிச் சுவைக்கும் இவ்விலக்கிய வட்டத்தின் பத்தாண்டுப் பயனும் அதுவே.