வயலினோடு பெயர்ந்த குடும்பம்



தோட்டத்து மக்களாகிய நமக்கு இடம்பெயர்வு புதிய கதையன்று. நம் முன்னோர் கடல் கடந்து வந்தபோது தப்பையும் காமன் கூத்தையும் கொண்டுவந்தனர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் நம் உறவினர் பலர் இந்தியா சென்றனர். ஊரைவிட்டுப் போகிறவன் எதைத் தன்னோடு கொண்டுபோக முடியும்? இக்கேள்விக்கு விடையாக வயலின் மேதை எல். சுப்ரமணியத்தின் வாழ்வைக் காண்கிறேன்.

1947 இல் சென்னையிற் பிறந்த அவர் இளமையில் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். தந்தையார் வி. லக்ஷ்மிநாராயணா அங்கே இசை கற்பித்தார். கச்சேரியில் வயலின் பெரும்பாலும் பக்கவாத்தியமாக இருந்த காலம் அது. அது தனித்து மேடையேற வேண்டும் என்பது தந்தையாரின் கனவு. வைத்தியநாதன், சுப்ரமணியம், சங்கர் என்னும் புதல்வர் மூவருக்கும் அவரே குருவானார்.

1958 இல் இனக்கலவரம் மூண்டது. குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. வாழ்ந்த ஊர் போயிற்று; கற்ற வித்தை போகவில்லை.

சுப்ரமணியம் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று வைத்தியரானார். பெற்றோர் பலருக்கு அதுவே போதுமாயிருக்கும். அவரோ வயலினைத் தேர்ந்தார். 1970களில் அமெரிக்கா சென்று, கலிபோர்னியாவில் மேற்கத்தைய இசையில் முதுமாணிப் பட்டம் பெற்றார். 1985 இல் சுபின் மேத்தா நெறிப்படுத்த, நியூயோர்க் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவோடு தமது ஆக்கத்தை வாசித்தார். வேத மந்திரங்களை அடியாகக் கொண்டது அந்த ஆக்கம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வயலினே ஐரோப்பாவிலிருந்து வந்த கருவிதான். முத்துசுவாமி தீக்ஷிதரின் இளவல் பாலுசுவாமி ஐரோப்பியரிடம் அதைப் பயின்று நம் இசைக்கு ஆக்கினார். அங்கே நின்றபடி தாடைக்கடியில் வைத்து வாசித்ததை, நம்மவர் சப்பணமிட்டு அமர்ந்து, அதன் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசித்தனர். இடக்கை தாங்கும் வேலையிலிருந்து விடுபட்டது. கமகங்கள் தடையின்றிப் பிறந்தன. மேற்கத்தைய வாத்தியக் குழுக்களின் நடுவிலும் சுப்ரமணியம் அப்படியே அமர்ந்து வாசித்தார். அவர்கள் இசையை முறையாகக் கற்றார். தம் இருக்கையை மாற்றிக்கொள்ளவில்லை.

தந்தையார் மறைந்தபின், 1992 முதல் அவர் பெயரில் இசைவிழா நடத்தினார். 2025 இல் இந்திய அரசு பத்ம விபூஷண் விருதளித்தது.

நேயர்களே, நம் பிள்ளைகளிற் சிலர் இன்று தப்பைத் தொட வெட்கப்படுகிறார்கள். கற்றவர்களாகிய நாமும் அந்த வெட்கத்துக்குக் காரணர். வைத்தியராகட்டும், பொறியியலாளராகட்டும், நல்லதே. ஆயினும் தாத்தாவின் அருகே ஒரு மாலைப்பொழுது அமர்ந்து அந்த அடியைக் கேட்டுப் பழகட்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு தகப்பன் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்ததும் அந்த நேரத்தைத்தான்.