கையெழுத்தோடு நிறுத்தாதீர்கள்

(ஆம்பூருக்கு அருகில், இரவுப் பாடசாலைகளில் பாடம் சொல்லித்தர முன்வந்த மாணவர்களுக்கான ஒருநாள் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்.)



என்னைக் கவிஞர்னு சொல்லி அறிமுகப்படுத்தினாங்க. கவிதை ராத்திரி வேலை. பகல்ல நான் பேங்கு கிளார்க். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் ஜனங்க. நடுவுல ஒரு மைப்பெட்டி. இன்னைக்கு அந்த மைப்பெட்டியைப் பத்தித்தான் பேசப் போறேன்.

எங்கம்மா தோல் ஷாப்பில் வேலை செய்தவள். சுண்ணாம்புத் தோல் தூக்கித் தூக்கி விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் காலனிக்கு அறிவொளி வந்தது. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் 1989இல் ஆரம்பித்து, 1991இல் புதுக்கோட்டையில் பெண்களைச் சைக்கிள் ஏற வைத்து, அப்புறம் ஒவ்வொரு மாவட்டமாகப் பரவிய அந்த அறிவொளி இயக்கம்தான். லட்சக்கணக்கான இளைஞர்கள் சம்பளமில்லாமல் பாடம் நடத்திய காலம் அது. அந்தப் புத்தகத்தில் முதல் பாடம் 'அ - அணில்' கிடையாது. 'பட்டா'. நிலமில்லாதவனுக்கு முதல் வார்த்தை பட்டா! அந்தப் புத்தகம் எழுதினவங்களுக்கு இன்றைக்கும் நான் கும்பிடு போடுவேன்.

அம்மா எழுத்துக்கூட்டி வாசித்த முதல் போர்டு, பஸ் ஸ்டாண்டில் இருந்த மாவட்டப் பெயர்ப் பலகை. 1989இல் வடாற்காட்டைப் பிரித்தபோது எங்கள் பக்கத்துக்கு 'வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்று பேர் வைத்திருந்தார்கள். "அம்... பேத்... கர்" என்று படித்துவிட்டு அவள் அங்கேயே நின்றுவிட்டாளாம். சில வருஷத்துக்குள்ளேயே சாதிக் கலவரங்களைக் காரணம் காட்டி எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசாங்கம் எடுத்துவிட்டது. அவள் படிக்கக் கற்றுக்கொள்வதற்கும் பலகையில் பேரை அழிப்பதற்கும் சரியாக இருந்தது. 2019இல் மாவட்டத்தை மூன்றாக உடைத்தபோதும் அந்தப் பேர் திரும்பி வரவில்லை.

அறிவொளியில் அம்மா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டாள். எழுத்துக்கூட்டி பஸ் போர்டு வாசிப்பாள். அதோடு வகுப்பு நின்றுபோனது. சொல்லிக்கொடுத்த அண்ணன் வேலை கிடைத்து ஓசூர் போய்விட்டார். அடுத்த ஆள் வரவில்லை. ஆனால் கையெழுத்து நின்றுவிட்டது. ரேஷன் கடையில், ஸ்கூலில், எங்கே போனாலும் "மைப்பெட்டி வேணாம், பேனா குடு" என்பாள். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு இருந்த கம்பீரத்தை நான் இதுவரை எந்தக் கவிதையிலும் கொண்டுவர முடியவில்லை.

2008. அவள் பதினாலு வருஷம் வேலை செய்த ஷாப்பில் ஆள் குறைப்பு. ஆபீசில் கூப்பிட்டு ஒரு இங்கிலீஷ் தாளை நீட்டினார்கள். அம்மா பேனா கேட்டு வாங்கி, தமிழில் அழகாகத் தன் பேரை எழுதிக் கொடுத்தாள். கையில் கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பினார்கள். நானாகவே விலகுகிறேன், எனக்கு வரவேண்டிய பாக்கி எதுவுமில்லை என்பதுதான் அந்தத் தாளின் சாரம். 1972ஆம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டப்படி, அன்றைக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருஷத்துக்குப் பதினைந்து நாள் கூலி சேரவேண்டும். பதினாலு வருஷத்துக்கு 210 நாள் கூலி. ஒரு கையெழுத்தில் போயிற்று.

நான் அப்போது காலேஜ் ஹாஸ்டலில் உட்கார்ந்து கவிதை படித்துக்கொண்டிருந்தேன். "ஏம்மா என்கிட்ட காட்டல?" என்று கேட்டேன். "கையெழுத்து போடத் தெரிஞ்சப்பறம் இன்னாத்துக்குடா உன்னக் கேக்கணும்?" என்றாள்.

தோழர்களே, இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். கைநாட்டு வைத்த ஆளுக்காகக் கோர்ட்டு கேட்கும்: "அவருக்குப் படித்துக் காட்டினாயா? சாட்சி யார்?" கையெழுத்துப் போட்டவரையோ, "படிக்காமலா போட்டாய்?" என்று கேட்கும். அப்படியானால் கையெழுத்து மட்டும் கற்றுக்கொடுப்பது நம் ஜனங்களை முன்னைவிடச் சுலபமாக ஏமாற்ற வழி செய்துகொடுப்பதாகும். எங்கம்மாவை அவள் மைப்பெட்டி காப்பாற்றியிருக்கலாம், பேனா காட்டிக்கொடுத்தது.

இதற்காக அறிவொளியை நான் பழிக்கவில்லை. அதில் உழைத்தவர்களின் வியர்வைமேல் நின்றுதான் பேசுகிறேன். 1991 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டின் மொத்த எழுத்தறிவு 62 சதவீதத்துக்கு மேல். அதே கணக்கில் தாழ்த்தப்பட்டோருக்கு 47ஐத் தொடவில்லை. நம் பெண்களுக்கு 35கூட இல்லை. 2011இல் மொத்தம் 80ஐத் தாண்டியபோது நமக்கு 73. இருபது வருஷத்தில் நாம் ஏறிய உயரம் சாதாரணமானதல்ல. அதில் அறிவொளிக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரு கேள்வி. கணக்கெடுப்பின் விதி என்ன? ஏழு வயதுக்கு மேல், ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்கவேண்டும். புரிந்து! வாசலில் நின்று கேட்பவருக்கு, "எங்கம்மாவுக்கு எழுதத் தெரியும்" என்று பிள்ளை பதில் சொல்லிவிடும். அந்த 73இல் கையெழுத்தோடு நின்ற எத்தனை அம்மாக்கள் ஒளிந்திருக்கிறார்கள்?

இதற்காகத்தான் சில வருஷத்துக்கு முன்னால் நாங்கள் நாலு பேர் இங்கே ஒரு காலனியில் இரவுப் பாடசாலை ஆரம்பித்தோம். எங்கள் தவறுகளைச் சொல்கிறேன், நீங்கள் புதுத் தவறாகச் செய்யுங்கள்.

படிப்பகத்தில் ராத்திரி எட்டு மணி வகுப்பு. முதல் நாள் 23 பெண்கள். மூன்றாவது வாரம் 9 பேர். ஜனங்களுக்கு ஆர்வமில்லை என்று நாங்களே பேசிக்கொண்டோம். ஆதிக்கச் சாதிக்காரன் நம்மைப் பற்றிச் சொல்வதை நாமே சொன்னோம். வீடு வீடாகப் போய்க் கேட்டபோதுதான் புரிந்தது. ஷூ கம்பெனியில் ஓவர்டைம். வந்தால் தண்ணீர் பிடிக்கணும், சோறு ஆக்கணும். இன்னொன்றையும் கேளுங்கள்: நாற்பது தாண்டிய அக்காக்களுக்குப் புத்தகத்து எழுத்தே தெரியவில்லை. நாள் பூரா மிஷினில் அப்பர் தைத்துத் தைத்துக் கண் போய்விட்டது. மண்டையில் ஏறவில்லை என்று வெட்கப்பட்டு நின்றுவிட்டார்கள். ஆகவே முதல் மாதச் செலவைச் சிலேட்டுக்குச் செய்யாதீர்கள், கண்ணாடிக்குச் செய்யுங்கள்.

நேரத்தையும் மாற்றினோம். கம்பெனி வேன் இவர்களை ஏற்றிக்கொண்டு போக ஒரு பக்கம் நாற்பது நிமிஷம். அந்த வேனிலேயே வகுப்பு. சொல்லித்தருவது யார்? நானோ நீங்களோ அந்த வேனில் ஏற முடியாது. அதே லைனில் வேலை செய்கிற, பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திய ஒரு பெண். எம்.ஏ. படித்த நாங்கள் ஆறு மாதத்தில் செய்யாததை அவள் செய்தாள். 2021இல் அரசாங்கம் ஆரம்பித்த இல்லம் தேடிக் கல்வியும், பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அந்தந்தத் தெருப் பெண்களைத்தான் நம்பியது, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்து. ஆகவே முதலில் தெருவுக்குள்ளே ஆசிரியரைத் தேடுங்கள். நீங்கள் அவருக்குத் துணை.

எதைச் சொல்லித்தருவது? பிரேசிலில் பாவ்லோ பிரையரே 1963இல் ஆஞ்ஜிகோஸ் என்ற ஊரில் கூலிக்காரர்களுக்குப் பாடம் நடத்தினார். அவர் வழியில், ஜனங்கள் வாயில் புழங்குகிற வார்த்தையிலிருந்துதான் பாடம் தொடங்கும். செங்கல், குடிசைப் பகுதி, இப்படி. நம் ஊரில் 'பட்டா' வந்ததும் அந்த வழியில்தான். இந்தத் தோல் பூமியில் நாங்கள் 'கூலி'யில் ஆரம்பித்தோம். அப்புறம் 'தோல்', 'பாக்கி', 'பாலாறு'. மூன்றாவது மாதம் அவரவர் சம்பளச் சீட்டே பாடப்புத்தகம். அது இங்கிலீஷில் இருக்கும். அதனால் பி.எப்., இ.எஸ்.ஐ., பிடித்தம், பாக்கி என்கிற இடங்களில் வரும் இங்கிலீஷ் எழுத்துகளை மட்டும் தனியாகச் சொல்லித்தந்தோம். கணக்கு சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஜோடிக்கு இவ்வளவு என்று மனசில் போடுகிற கணக்கில் அவர்கள் நமக்கு வாத்தியார்.

தொண்டர்களைப் பற்றி. அறிவொளிக்கு அப்புறம் 'வளர்கல்வி' என்றார்கள், 2009 முதல் 2018 வரை 'சாக்ஷர் பாரத்' என்றார்கள். திட்டம் வரும், போகும். எங்கம்மாவின் வகுப்பு திட்டம் முடிந்து நிற்கவில்லை, ஒரு அண்ணன் ஊர் மாறினதால் நின்றது. ஆகவே ஒரு வகுப்புக்கு ஒருவர் போதாது, இரண்டு பேர். ஒருவருக்குப் பரீட்சை என்றால் மற்றவர். பஸ் காசைக் கையிலிருந்து போட வைக்காதீர்கள், அதற்கு மாதச் சந்தா சேருங்கள். மாதம் ஒருமுறை உட்கார்ந்து தோற்றதைப் பேசுங்கள். ஜெயித்ததைத் துண்டறிக்கையில் போடலாம். ஒரு தங்கை நாலு வாரமாக வரவில்லை என்றால் விமர்சிக்காதீர்கள், வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். கல்யாணப் பேச்சு நடக்கும், இல்லை வீட்டில் தடை இருக்கும்.

ஊர்த் தெருவிலிருந்து வந்திருக்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களை வரவேற்கிறோம். ஆனால் முதல் நாள் நோட்டுப் புத்தகம் எடுக்காதீர்கள். சேரியில் ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். அதுதான் உங்கள் முதல் பாடம். இது தானதருமம் இல்லை. இந்தப் பக்கத்து ஆரணி அருகே பிறந்த சுவாமி சகஜானந்தா 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை ஆரம்பித்தபோது யாருடைய கருணைக்கும் காத்திருக்கவில்லை. படிப்பு நம்மிடமிருந்து பிடுங்கப்பட்டது. அதை நாம் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்.

'இனி எதற்கு எழுத்து, எல்லாம் போனிலேயே' என்று சிலர் சொல்கிறார்கள். என் கவுண்டருக்கு வாருங்கள். மைப்பெட்டி குறைந்துவிட்டது, விரல் வைக்கிற மெஷின் வந்துவிட்டது. படித்தவன் படிக்காதவன் எல்லோரையும் ஆதார் மறுபடி கைநாட்டாக்கிவிட்டது. சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் ரேகை தேய்ந்த தோல் தொழிலாளியின் விரலையோ அந்த மெஷினும் ஏற்பதில்லை. பி.எப். எடுக்கப் போனால் ஓ.டி.பி. கேட்கிற புரோக்கர். வந்த செய்தியைப் படிக்கத் தெரியாவிட்டால், நம் பணத்தின் சாவியை நாமே வாய்விட்டுச் சொல்லிக்கொடுப்போம்.

1942இல் நாக்பூரில் பாபாசாகேப் கொடுத்த மூன்று சொற்களில் முதல் சொல்லை நாம் 'கற்பி' என்கிறோம். 'கல்' என்று மட்டும் நிறுத்தவில்லை பாருங்கள். நீ படித்துவிட்டால் பாதிதான் முடிந்தது. ஹாஸ்டலில் உட்கார்ந்து நான் படித்தது எங்கம்மாவுக்கு 210 நாள் கூலியை மீட்டுத் தரவில்லை.

போன மாதம் நடந்தது ஒன்று. எங்கள் வேன் வகுப்பு அக்கா ஒருத்தர் கடன் விஷயமாக என் கவுண்டருக்கு வந்தார். பாரத்தை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து போடுங்கக்கா" என்றேன். கண்ணாடியை எடுத்து மாட்டினார். விரல் வைத்து வைத்து வாசித்தார். பின்னால் வரிசையில் முணுமுணுப்பு. நாலாவது வரியில் நிறுத்தி, "தம்பி, இது இன்னா எழுதிக்கீது? புரியல. படிச்சி சொல்லு, அப்பறம் போடறேன்" என்றார்.

படித்துச் சொன்னேன். பதினோரு நிமிஷம் ஆயிற்று. வரிசை காத்திருந்தது.

தோழர்களே, உங்கள் வகுப்புக்கு இதுதான் பரீட்சை. கையெழுத்துப் போட எத்தனை பேருக்குத் தெரியும் என்று எண்ணாதீர்கள். "படிச்சி சொல்லு, அப்பறம் போடறேன்" என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணுங்கள்.