பக்கத்து வாசலையும் நம் பிள்ளைகள் பார்க்கட்டும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், பணி நிறைவு பெற்ற ஆசிரியரான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



விடுமுறையில் நம் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போவது பற்றிப் போன கூட்டத்தில் பேசினோம். கொடைக்கானல் என்று பலர் சொன்னீர்கள். நான் வேறொன்று சொல்கிறேன். நம்மைச் சுற்றியுள்ள எல்லாச் சமயத்தாரின் வழிபாட்டு இடங்களையும் அவர்களுக்குக் காட்டுவோம்.

சென்ற மாதம் என் பேரன் கேட்டான்: "ஐயா, பள்ளிவாசலுக்குள்ளே என்ன சாமி இருக்கும்?" தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் அவன் பள்ளிக்கூடம் போகிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருடம் வரலாறு நடத்தியவன் நான். சமணத்தை ஐந்து மதிப்பெண் கேள்வியாக நடத்தினேனே தவிர, ஒரு வகுப்பைக்கூடச் சித்தன்னவாசலுக்கு அழைத்துப் போகவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் என் மாடி வீட்டுக்கு வாடகை கேட்டு ஒரு குடும்பம் வந்தது. பெயரைக் கேட்டதும், "வேறு ஆளுக்குப் பேசியாச்சு" என்றேன். அது பொய். அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரியாததுதான் காரணம். பேரனுக்கு அந்தப் புத்தி வர வேண்டாம்.

இரண்டு சனிக்கிழமை போதும். முதல் நாள் காலையில் பிள்ளையார்பட்டி. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் முதலில் அங்கேதான் போக வேண்டும். பாறையிலேயே செதுக்கிய, இரண்டே கையுள்ள பிள்ளையார். அடுத்து குன்றக்குடி. 1982இல் மண்டைக்காட்டில் கலவரம் வந்தபோது, அங்கே நேரில் போய்ச் சமாதானம் பேசிய அடிகளாரின் ஊர் அது. மாலையில் நம் ஊர்ப் பள்ளிவாசல். ஜமாத்தாரிடம் முன்கூட்டியே கேட்டு, தொழுகை இல்லாத நேரத்தில் போவோம். உள்ளே உருவம் எதுவும் இருக்காது, மக்கா இருக்கும் திசையைக் காட்டும் மாடம்தான் இருக்கும் என்பதைப் பேரன் தானே பார்த்துக்கொள்வான்.

இரண்டாம் சனிக்கிழமை காலையில் சித்தன்னவாசல். சமண முனிவர்களின் கற்படுக்கைகளும் தாமரைக்குள ஓவியமும் அங்கே இருக்கின்றன. பிறகு மானாமதுரைப் பக்கம் இடைக்காட்டூர். பிரான்சின் ரைம்ஸ் பேராலயத்தை மாதிரியாக வைத்து 1894இல் கட்டிய திருஇருதய ஆலயம், நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

"பிள்ளைகள் மனம் மாறிவிடுமே" என்று சிலர் கவலைப்படுகிறீர்கள். நியாயமான கவலைதான். அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில்கூட, பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையைச் சமய போதனையிலோ வழிபாட்டிலோ ஈடுபடுத்தக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 28ஆம் பிரிவு. நாமும் அதையே வைத்துக்கொள்வோம். கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வேண்டும். கும்பிடுவதும் பிரசாதம் வாங்குவதும் அவரவர் விருப்பம். விரும்பும் பெற்றோர் கூடவே வரலாம். போகும் இடத்தில் செருப்பைக் கழற்றுவது, தலையை மூடுவது போன்ற மரியாதைகளை மட்டும் எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டும்.

ஒவ்வொரு பிள்ளையும் அந்தந்த இடத்தில் ஒரு கேள்வியாவது கேட்டு எழுதி வரட்டும். அவற்றை அடுத்த இதழில் போடுவோம்.

விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். என் பேரன் பெயரை முதலில் எழுதிவிட்டேன். பக்கத்தில் என் பெயரும் இருக்கிறது.